சனிக்கிழமையைப் பிடித்த சனி

பீனா தன் கணவர் வேலை செய்யும் கம்பெனிக்குப் போன் போடுகிறாள். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று இழுத்து இழுத்து விஷயத்துக்கு வருகிறாள். வீட்டுக்காரரைக் கண்ணால் பார்த்து 18 நாள் ஆகிவிட்டது. ஆபீசில்தான் இருக்கிறாரா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? தேடிப் பார்க்கிறார்கள். இருக்கிறார். பழைய கழிப்பறைகளை மூடிச் சுவர் எழுப்பியபோது அவரையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்கள். 18 நாளாக அவர் நாற்காலி காலியாக இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. 1975இல் வெளிவந்த ‘ஃபன்தோட்ஸி’ என்ற இத்தாலியப் படம் இப்படித்தான் தொடங்குகிறது.

24 வருஷம் கழித்து அமெரிக்காவில் வந்த படம் ‘ஆபீஸ் ஸ்பேஸ்’. அதில் மில்டன் என்று ஒருவர் வருகிறார். சோடாபுட்டிக் கண்ணாடி, வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு. அவரை வேலையைவிட்டு எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சம்பளப் பிரிவில் ஏதோ கோளாறு, சம்பளம் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆட்குறைப்புக்காக வந்த ஆலோசகர்கள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆளிடம் ஒரு வார்த்தை பேசாமல் கோளாறை மட்டும் சரிசெய்துவிடுகிறார்கள். சம்பளம் நிற்கிறது. மில்டன் வருவது நிற்கவில்லை. அவருடைய மேஜையை அங்கே இங்கே தள்ளித் தள்ளி, கடைசியில் கரப்பான்பூச்சி ஓடும் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு பேரையும் பார்த்த பிறகுதான் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பேசலாம் என்று தோன்றியது. பெரிய கம்பெனியைக் கேலி செய்யும் படங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரு மனிதன் கட்டடத்துக்குள்ளேயே காணாமல் போகலாம் என்ற ஒரே பகடியை, ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாட்டுக்காரர்கள் கால் நூற்றாண்டு இடைவெளியில் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சுவர் இருக்க வேண்டும்.

இருவருமே உள்ளேயிருந்து வந்தவர்கள். ஃபன்தோட்ஸியைப் படைத்து, தானே நடித்த பாவ்லோ வில்லாஜ்ஜோ 1932இல் ஜெனோவாவில் பிறந்தவர். அந்தத் துறைமுக நகரத்தில் எஃகுத் தொழிலைச் சேர்ந்த ஒரு கம்பெனியில் சில காலம் ஊழியராக இருந்தார். மேடையிலும் தொலைக்காட்சியிலும் அந்தக் குமாஸ்தாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வளர்த்து, 1971இல் புத்தகமாக்கினார். நான்கு வருஷத்தில் லூச்சானோ சல்சே அதைப் படமாக எடுத்தார். ‘ஆபீஸ் ஸ்பேஸ்’ எடுத்த மைக் ஜட்ஜ் சான் டியாகோவில் இயற்பியல் படித்தவர். 80களில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் பொறியாளராக இருந்து, பிடிக்காமல் வெளியே வந்தார். முதலில் மில்டனைத்தான் வரைந்தார், சில நிமிடக் கார்ட்டூன் துணுக்குகளாக. முழுப் படம் அதிலிருந்து வளர்ந்தது.

இத்தாலியக் கம்பெனியின் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம்: இத்தால்பெத்ரோல்செமெதெர்மோதெஸ்ஸில்ஃபார்மோமெத்தால்கீமிகா. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல், சிமெண்ட், அனல், துணி, மருந்து, உலோகம், ரசாயனம் எல்லாம் ஒரே வார்த்தையில். இது வெறும் விளையாட்டு இல்லை. அந்தக் காலத்து இத்தாலியில் 1933இல் தொடங்கிய ஐ.ஆர்.ஐ. என்ற அரசு நிறுவனம் எஃகாலைகள், வங்கிகள், நெடுஞ்சாலைகள், விமான சேவை, ஆல்ஃபா ரோமியோ கார், வானொலி, தொலைக்காட்சி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கிறிஸ்துமஸ் கேக் செய்யும் கம்பெனியில்கூட அதற்குப் பங்கு இருந்தது. அந்த மாதிரி ஓர் இடத்துக்கு வேறு என்ன பெயர்தான் வைப்பது? படத்தில் இந்த மெகா கம்பெனியின் தலைமையகமாக வரும் கட்டடம், ரோமில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் சாலையருகே இருக்கும் லாட்சியோ மாநில அரசின் அலுவலகம். கேமராவை வாசலில் வைத்தாலே போதுமாக இருந்திருக்கும்.

அமெரிக்கக் கம்பெனியின் பெயர் இனிடெக். இரண்டு முறை கேட்டால் மறந்துவிடும். எதைத் தயாரிக்கிறது என்று கேட்டால் உள்ளே இருப்பவர்களுக்கே சொல்லத் திணறும். டெக்சாஸின் ஆஸ்டினில் படம் பிடித்தார்கள். புல்வெளி, கார் நிறுத்தும் இடம், கண்ணாடிச் சுவர், இடுப்புக்கு மேல் எட்டும் தட்டிகளால் பிரித்த கூண்டுகள். ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை வர்ணிக்கத் தேவையில்லை.

பெயர் போலத்தான் அதிகாரமும். மெகா கம்பெனியில் அதிகாரம் செங்குத்தாக ஏறுகிறது. மேலே போகப் போகப் பட்டங்கள் நீள்கின்றன. டாக்டர், இன்ஜினியர், கோமகன், பிரபு என்று சுருக்கெழுத்தில் அடுக்கிக்கொண்டே போய், நடுவில் ‘அயோக்கியன்’, ‘ஓநாய் மனிதன்’ என்பவற்றையும் அதே சுருக்கெழுத்தில் வில்லாஜ்ஜோ செருகிவிடுவார். கதவில் மாட்டிய பெயர்ப்பலகையைப் படிப்பது போலவே அதுவும் கடந்து போகும். உச்சியில் இருப்பவர் விண்மீன் மண்டலத்துக்கே மெகா டைரக்டர். அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய நாற்காலி மனிதத் தோலில் செய்தது என்றும், அறையில் ஒரு பெரிய மீன்தொட்டி இருக்கிறது, அதில் மீனுக்குப் பதில் ஊழியர்கள் நீந்துகிறார்கள் என்றும் ஊழியர்களிடையே பேச்சு.

இனிடெக்கில் செங்குத்து கிடையாது. பக்கவாட்டில் மட்டும்தான். கதாநாயகன் பீட்டர் கிப்பன்ஸுக்கு எட்டு மேனேஜர்கள். ஓர் அறிக்கைக்கு மேலட்டை வைக்க மறந்துவிட்டான். முதலில் லம்பர்க் வருகிறார்: கையில் காப்பிக் கோப்பை, தோளில் சஸ்பெண்டர், முகத்தில் ஒரு ரப்பர் அமைதி. புது மேலட்டை பற்றி மெமோ வந்ததே, பார்த்தாயா என்கிறார். பார்த்தேன், இதோ இருக்கிறது, மறந்துவிட்டேன் என்கிறான் பீட்டர். அந்த மெமோவின் இன்னொரு பிரதி அனுப்பி வைக்கிறேன் என்கிறார் அவர். மெமோ இருக்கிறது என்பதுதான் அவன் சொன்னது. அது அவர் காதில் ஏறவில்லை. அவர் போனதும் அடுத்த மேனேஜர் வந்து அதே மேலட்டை, அதே மெமோ. அவரும் நகர்ந்ததும் போன் அடிக்கிறது. மேலட்டை. யாரும் திட்டவில்லை, குரல் உயரவில்லை. மூன்று பேருமே உதவி செய்யத்தான் வந்தார்கள்.

இந்த இடத்தை நான் மூன்று நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஃபன்தோட்ஸி படத்தில் இப்படி ஒரு காட்சிக்கு இடமே இல்லை. அங்கே மேலதிகாரி என்றால் பயம். பயத்துக்கு ஒரு முகம் உண்டு, அதை வீட்டுக்குப் போய்த் திட்டலாம். லம்பர்க்கை என்ன சொல்லித் திட்டுவது? அவர் ஏவுவதெல்லாம் வேண்டுகோள் மாதிரியே வருகிறது. முதலில் ஒரு நீண்ட இழுப்பு, பிறகு நீ இதைச் செய்தால் நன்றாக இருக்கும் என்பது போல ஒரு முடிப்பு. ‘செய்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கவே முடியாது.

மொழி வேடிக்கையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு படங்களின் உயிரும் அங்கேதான். இத்தாலிய மொழியில் மரியாதைக்குரியவரை ‘வாருங்கள்’, ‘உட்காருங்கள்’ என்று சொல்ல வினைச்சொல்லை ஒரு தனி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஃபன்தோட்ஸிக்கு அது வராது. வராது என்பதைவிட, பயத்தில் அளவுக்கு மீறி வந்துவிடும். தமிழில் ‘அமருகிறுங்கள்’, ‘வருவாருங்கள்’ என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இதில் உச்சம் டென்னிஸ் காட்சி. குளிர்காலத்து ஞாயிறு அதிகாலை, வேறு யாருக்கும் வேண்டாத நேரத்தில் மைதானம் கிடைத்திருக்கிறது. கண் தெரியாத பனிமூட்டத்தில் ஃபன்தோட்ஸியும் சக ஊழியர் ஃபிலீனியும் ஆடுகிறார்கள். மேலதிகாரி யாரும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் இரண்டு குமாஸ்தாக்களும் ஒருவரையொருவர் அந்த உடைந்த மரியாதை வடிவத்திலேயே பந்து போடச் சொல்கிறார்கள். பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது. இத்தாலியில் இன்றைக்கும் யாராவது இலக்கணத்தை இப்படி உடைத்தால் கேட்பவர் சிரிப்பது ஃபன்தோட்ஸியை நினைத்துத்தான். மொழிபெயர்ப்பில் இதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. இத்தாலிக்கு வெளியே இந்த மனிதரை அதிகம் பேருக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனிடெக்கில் உடைவது இலக்கணம் இல்லை, பெயர்கள். சமீர் என்ற பொறியாளரின் குடும்பப் பெயரை அந்த அலுவலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. ஆட்குறைப்புப் பட்டியலைப் படிக்கும் ஆலோசகர் இரண்டு மூன்று தரம் முயன்று தோற்று, எப்படியும் இனி இங்கே வேலை பார்க்கப் போவதில்லையே என்று விட்டுவிடுகிறார். சமீராக நடித்த அஜய் நாயுடு இந்திய வம்சாவளி அமெரிக்கர். நம்மவர்களுக்கு அந்த ஒரு வரியில் சிரிப்போடு வேறொன்றும் சேர்ந்தே வரும்.

இரண்டு கம்பெனிக்கும் நடுவில் உள்ள பெரிய பள்ளம் சட்டத்தில் இருக்கிறது. இத்தாலியில் 1970 மே மாதம் தொழிலாளர் சட்டம் 300 வந்தது. அதன் 18ஆவது பிரிவுப்படி, 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒருவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்கினால், அவரைத் திரும்பச் சேர்க்கும்படி நீதிமன்றத்தால் அன்று உத்தரவிட முடிந்தது. நிரந்தர வேலை என்பது அந்த நாட்டில் சொத்து மாதிரி. பெண் கொடுப்பதற்குக் கேட்கும் முதல் கேள்வி. நம் ஊரில் கவர்மெண்ட் உத்தியோகம் என்று சொல்லும்போது குரலில் ஏறும் கனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபன்தோட்ஸியைக் கம்பெனி வெளியே அனுப்புமா என்ற பயம் படத்தில் பெரிதாக எழுவதில்லை. அனுப்பாது என்பதுதான் அவர் தலையெழுத்து. காலை 8:30க்கு அட்டையில் நேரம் பதிய வேண்டும். அதற்காக வருஷத்துக்கு வருஷம் தூக்கத்தைச் செதுக்கிச் செதுக்கி, எழும் நேரத்தை 7:51க்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கண் விழிக்க இத்தனை விநாடி, மனைவி முகம் பார்த்துத் திடுக்கிட இத்தனை விநாடி, கொதிக்கும் காப்பியை ஊற்றிக்கொள்ள இத்தனை விநாடி என்று எல்லாமே கணக்கு. ஒருநாள் செருப்போ ஷூவோ ஏதோ சதி செய்ய, இனிமேல் பஸ் நிறுத்தம்வரை போக நேரமில்லை. பால்கனிக் கம்பியைத் தாண்டி மேம்பாலச் சாலையில் குதித்து, ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறார். 30 வருஷம் இதைச் செய்யலாம். பென்ஷன் வரும்.

பீட்டரின் நாட்டில் காரணம் சொல்லாமலே மாலையில் அனுப்பிவிடலாம். பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே அப்படி. படத்தில் இரண்டு ஆலோசகர்கள், இருவர் பெயரும் பாப், ஒவ்வொருவராக அழைத்து நீ இங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்கிறார்கள். எல்லோரும் வியர்க்கிறார்கள். மனவசிய மருத்துவரிடம் போய், அந்த மருத்துவர் மாரடைத்து விழுந்ததால் மயக்கம் கலைக்கப்படாமலே எழுந்துவிட்ட பீட்டர் மட்டும் சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு வாரத்தில் உண்மையாக வேலை செய்வது 15 நிமிடம் இருக்கும் என்கிறான். அவர்களுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போகிறது. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிறார்கள். ஒழுங்காக வேலை பார்த்த அவன் நண்பர்கள் இருவர் வெளியே.

அவன் செய்யும் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கி மென்பொருளில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கி எழுதிவிட்டார்கள். 2000 பிறந்தால் கணினி 1900 என்று எண்ணிக்கொள்ளும். வரி வரியாகத் தேடி அதைத் திருத்துவது. 90களின் கடைசியில் கோபால் என்ற பழைய கணினி மொழியை அவசரமாகப் படித்துவிட்டு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய எத்தனையோ பிள்ளைகள் செய்யப் போன வேலை இதுதான். இங்கே தாம்பரத்திலும் திருச்சியிலும் அவர்களுடைய பெற்றோர் ‘அமெரிக்காவில் ஒய்டூகே பார்க்கிறான்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே வேலையைச் செய்து செத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பையனைப் பற்றிய படம் 1999 பிப்ரவரியில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதுகூட அதிகம். ஏறக்குறைய ஒரு கோடி டாலர் செலவு. அங்கே தியேட்டர்களில் வந்தது அதற்குமேல் கொஞ்சம்தான். கேபிள் டிவியும் டிவிடியும்தான் அதைக் காப்பாற்றின.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு படத்திலும் திருடு போவது அதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை. பீட்டர் லம்பர்க் கண்ணில் படாமல் நழுவப் பார்க்கிறான். கணினியை அணைக்க வேண்டும். அது கோப்புகளைச் சேமித்துக்கொண்டு நகர மறுக்கிறது. தட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கிறான், தூரத்தில் காப்பிக் கோப்பை மிதந்து வருகிறது. திரையில் பட்டை ஊர்கிறது. கோப்பை நெருங்குகிறது. அணைந்தது, எழுந்தான், திரும்பினான், எதிரே லம்பர்க். நாளைக்கு வர வேண்டியிருக்கும் என்கிறார். இரண்டு அடி நடந்து, ஏதோ மறந்ததுபோல் திரும்பி, ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடு என்கிறார். காரணமும் சொல்கிறார்: இந்த வாரம் சில பேரை இழந்துவிட்டோம், வேலை தேங்கிவிட்டது. நீக்கியவர்களைப் பற்றி ‘இழந்துவிட்டோம்’ என்கிறார், சாவு வீட்டில் பேசுவதுபோல.

இத்தாலியச் சனிக்கிழமை 1976இல் வந்த இரண்டாவது படத்தில் இருக்கிறது. ஓர் இரவு இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் கால்பந்து. ஃபன்தோட்ஸி உள்ளாடையோடு டிவி முன் சின்ன மேஜை போட்டு, வெங்காயம் போட்ட பெரிய ஆம்லெட்டும் ஜில்லென்ற பீரும் வைத்துக்கொண்டு உட்காருகிறார். போன் அடிக்கிறது. ஃபிலீனி. பேராசிரியர் ரிக்கார்தெல்லி எல்லோரையும் குடும்பத்தோடு உடனே வரச் சொல்கிறார், படம் போடுகிறார்களாம். கம்பெனியின் கலை ரசனையை வளர்ப்பது அந்த மேலதிகாரியின் வெறி. 20 வருஷமாக அவர்களை உட்காரவைத்து அதே ரஷ்ய மௌனப் படத்தைக் காட்டுகிறார். ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’தான், படத்தில் பெயரைச் சற்றே திரித்து வைத்திருக்கிறார்கள். கவனிக்காமல் இருந்தால் கொண்டைக்கடலை மேல் முட்டி போட வேண்டும். வெளியே இத்தாலி 20 கோல் போட்டுவிட்டதாக வதந்தி. படம் முடிகிறது. கலந்துரையாடல். ஃபன்தோட்ஸி மெல்ல மேடைக்குப் போய், அந்தக் காவியத்தைப் பற்றித் தன் மனதில் 20 வருஷமாக இருந்ததை ஒரே கெட்ட வார்த்தையில் சொல்கிறார். 92 நிமிடக் கைதட்டல் என்கிறது பின்னணிக் குரல். கலகம் வெடிக்கிறது. படச்சுருளைக் கொளுத்துகிறார்கள், பேராசிரியரைக் கட்டிப்போட்டு மட்டமான படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மூன்றாவது நாள் போலீஸ் வருகிறது.

தண்டனை? கொளுத்திய படத்தின் புகழ்பெற்ற படிக்கட்டுக் காட்சியை ஊழியர்களே நடித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஓய்வு பெறும்வரை. தள்ளுவண்டியில் உருண்டு வரும் குழந்தை ஃபன்தோட்ஸி. தமிழில் நமக்குக் கிழமைக்கும் கிரகத்துக்கும் ஒரே பெயர். சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்பார்கள். இவருக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது.

பறிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். மெகா கம்பெனி பிடுங்குகிறது, இனிடெக் கேட்டு வாங்குகிறது. 1980இல் வந்த மூன்றாவது படத்தில் சைக்கிள் பித்துப் பிடித்த ஒரு புதிய டைரக்டர் எல்லா ஊழியர்களையும் சைக்கிள் பந்தயத்தில் இறக்கி விழவைக்கிறார். மறுக்க வழியில்லை, அதனால் நடிக்கவும் வேண்டியதில்லை, விழுந்தால் போதும். ‘ஆபீஸ் ஸ்பேஸ்’ படத்தில் பீட்டரின் தோழி ஜோவானா ஓர் உணவகத்தில் பரிமாறுகிறாள். சீருடையில் வேடிக்கையான பட்டன்கள் குத்திக்கொள்ள வேண்டும், குறைந்தது 15. அவள் சரியாக 15 குத்தியிருக்கிறாள். மேனேஜர் (மைக் ஜட்ஜே நடித்திருக்கிறார்) வருத்தப்படுகிறார்: அந்தப் பையனைப் பார், 37 குத்தியிருக்கிறான். அப்படியென்றால் 37 என்று விதி வையுங்களேன் என்கிறாள் அவள். இல்லை, நீயாக உன்னை வெளிப்படுத்திக்கொள்ள விரும்ப வேண்டும் என்கிறார் அவர். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் குடும்ப தினம் என்று ஒன்று உண்டு, சனிக்கிழமைதான். கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்று மின்னஞ்சல் வரும். வராதவர்கள் காரணத்தை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கவும் என்பது அதே மின்னஞ்சலின் கடைசி வரி. கொண்டைக்கடலையே தேவலாம்.

ஒரு விஷயத்தில் இத்தாலியப் படம் மிகவும் மேலே நிற்கிறது, அதே விஷயத்தில் மிகவும் கீழேயும் போகிறது. அது வீடு. பீட்டருக்கு வீடு என்றால் மெல்லிய சுவர் கொண்ட ஒரு ஃபிளாட், அந்தச் சுவர் வழியாகப் பேசும் கட்டடத் தொழிலாளி லாரன்ஸ், அவ்வளவே. கம்பெனி அவனுடைய வார இறுதியைத்தான் தின்கிறது. ஃபன்தோட்ஸிக்கு மனைவி பீனா, மகள் மரியாஞ்சலா. மகளாக நடித்தவர் ஓர் ஆண். அந்தப் பெண் அசிங்கம், மனைவி அசிங்கம் என்று படம் சளைக்காமல் சிரிக்க வைக்கப் பார்க்கிறது. இன்று அதோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை, அன்றும் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அதே மகளை வைத்துத்தான் படத்தின் ஒரே ஈரமான இடமும் வருகிறது. கிறிஸ்துமஸ் விழாவில் மேலதிகாரிகள் முன் அந்தக் குழந்தை கவிதை சொல்கிறது. அவர்கள் அதைப் பார்த்து, டார்ஜான் படங்களில் வரும் சிம்பன்ஸிக் குரங்கின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஃபன்தோட்ஸி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார். பிறகு மகள் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகிறார். ஏன் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அவள் கேட்கிறாள். அந்தப் பெயருடன் ஹேவொர்த் என்று ஒட்டவைத்து, அவள் மிக அழகான அமெரிக்க நடிகை என்று சமாளிக்கிறார். ரீட்டா ஹேவொர்த் நிழலில் ஒரு பொய். ‘ஆபீஸ் ஸ்பேஸ்’ முழுக்கத் தேடினாலும் இதற்கு ஈடாக ஒரு நிமிடம் கிடையாது. அதில் யாருக்கும் இழப்பதற்கு அவ்வளவு பெரிதாக எதுவும் இல்லை.

கலகத்துக்கு வருவோம். அமெரிக்கர்கள் ஒரு பிரிண்டரை வயல்வெளிக்குத் தூக்கிப்போய் பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்குகிறார்கள். படத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். எனக்கு அது அளவுக்கு மீறிப் புகழப்பட்ட காட்சியாகப் படுகிறது; அடிபடுவது ஊமை இயந்திரம், லம்பர்க் பத்திரமாக இருக்கிறார். வங்கிக் கணக்கில் சென்ட்டின் பின்னங்களைச் சுரண்டும் வைரஸையும் ஏற்றுகிறார்கள். தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது. சில்லறைக்குப் பதில் மூன்று லட்சம் டாலர் வந்து நிற்கிறது. ஜெயில் நிச்சயம் என்று பீட்டர் தயாராகும்போது மில்டன் வந்து கட்டடத்தையே கொளுத்தி, சாட்சியங்களையும் சேர்த்து எரித்துவிடுகிறார். பீட்டர் லாரன்ஸோடு சேர்ந்து அந்தச் சாம்பலையே அள்ளும் கூலி வேலைக்குப் போகிறான், சந்தோஷமாக இருக்கிறான். மில்டன் மெக்சிகோ கடற்கரையில். நல்ல படம் கடைசி 15 நிமிடத்தில் பாட்டி கதையாகிவிடுகிறது.

ஃபன்தோட்ஸி முதல் படத்தின் முடிவில் எறிவது ஒரு கல். ஃபோலாக்ரா என்று சிவப்புப் புத்தகங்கள் வைத்திருக்கும் ஒரு சக ஊழியர். ஆபீசில் அவரோடு யாரும் பேசமாட்டார்கள். அவர் கொடுத்த புத்தகங்களை இரவிரவாகப் படித்து, இத்தனை வருஷமும் ஏமாற்றப்பட்டோம் என்று புரிந்து, கம்பெனி ஜன்னல் மேல் கல்லை விட்டெறிகிறார். உடனே மேலிருந்து அழைப்பு. மெகா டைரக்டரைப் பார்க்கப் போகிறார். மனிதத் தோல் நாற்காலியில் ஒரு ராட்சதனை எதிர்பார்த்துப் போனவருக்கு, சந்நியாசி அறை மாதிரி ஓர் எளிய இடம், சாந்தமான ஒரு மனிதர். தானும் ஓரளவு முற்போக்குக்காரன்தான் என்கிறார். அடிதடி எதற்கு, நல்ல மனம் கொண்டவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்கிறார். அப்படிப் பார்த்தால் ஆயிரம் வருஷம் ஆகுமே என்று ஃபன்தோட்ஸி தயங்குகிறார். நான் காத்திருப்பேன் என்கிறார் மெகா டைரக்டர், அதே மென்மையோடு. ஃபன்தோட்ஸி உருகிப் போகிறார். கடைசியில் நாம் பார்ப்பது மீன்தொட்டியை. ஊழியர்களிடையே இருந்த அந்தப் பேச்சு பொய்யில்லை. உள்ளே நீந்திக்கொண்டிருப்பவர் அவர்தான்.

நான் இந்த ஒப்பீட்டில் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். இரண்டு படங்களும் இரண்டு விதமான கம்பெனியைக் காட்டுகின்றன, ஒன்று அந்தக் காலத்து மிரட்டல், மற்றது இந்தக் காலத்து இனிப்பு என்று பலர் பிரித்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெகா டைரக்டரின் குரலைக் கண்ணை மூடிக் கேட்டால் அது லம்பர்க்கின் குரல். 1975இல் அந்தக் குரல் உச்சி மாடியில் ஒரே ஒருவரிடம் இருந்தது. நடுவில் இருந்த கோமகன்களும் ஓநாய் மனிதர்களும் கீழே கத்திக்கொண்டிருந்ததால் அது வெளியே கேட்கவில்லை. 1999க்குள் அது படியிறங்கி, காப்பிக் கோப்பையோடு ஒவ்வொரு கூண்டுக்கும் வந்துவிட்டது. கத்துகிறவர்களுக்கு இனி வேலையில்லை. அவர்களையும் பாப்கள் எடுத்துவிட்டார்கள் போலும்.

அதனால்தான் இரண்டில் பெரியது இத்தாலியப் படம் என்கிறேன். கூண்டு வாழ்க்கையின் அன்றாடச் சித்திரம் ஜட்ஜிடம்தான் துல்லியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொளுத்திவிட்டு வெளியே போய்விடலாம் என்று அவர் நம்பினார். வில்லாஜ்ஜோ நம்பவில்லை. 1975 முதல் 1999 வரை 10 படங்கள் வந்தன. 1988இல் ஃபன்தோட்ஸி ஓய்வு பெறுகிறார், பொழுதை என்ன செய்வதென்று தெரியவில்லை. 1993இல் அவரைச் சொர்க்கத்துக்கு அனுப்பினார்கள், 1996இல் திரும்ப வந்துவிட்டார். ஜட்ஜுக்கும் பிறகு புரிந்திருக்க வேண்டும். 2014இல் அவர் தொடங்கிய ‘சிலிக்கான் வேலி’ தொடரில் கம்பெனியைவிட்டு ஓடுகிறவர்கள் ஓடிப்போய்த் தாங்களே கம்பெனி ஆரம்பிக்கிறார்கள்.

வில்லாஜ்ஜோ 2017 ஜூலையில் ரோமில் காலமானார். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே ‘ஃபன்தோட்ஸியத்தனமான’ என்று பொருள்படும் சொல் இத்தாலிய அகராதியில் ஏறியிருந்தது. அமெரிக்கப் படம் அகராதிக்குப் போகவில்லை, கடைக்குப் போனது. மில்டன் யாரையும் தொடவிடாத அந்தச் சிவப்பு ஸ்டேப்ளர், படத்துக்காகப் பெயிண்ட் அடித்தது; ஸ்விங்லைன் கம்பெனி அந்த நிறத்தில் அப்போது தயாரிக்கவில்லை. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, 2002இல் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு எத்தனையோ கம்பெனி மேஜைகளில் அது இருக்கிறது, சில மேனேஜர்கள் மேஜையிலும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: 10 படங்களும் வேண்டாம், சல்சே எடுத்த 1975, 1976 படங்கள் இரண்டும் போதும். அவற்றை முதலில் பார்த்துவிட்டு அமெரிக்கப் படத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை இரவில் பார்ப்பதாக இருந்தால் போனை அணைத்துவிட்டு உட்காருங்கள், ஃபிலீனி கூப்பிடலாம்.